காந்தத் தன்மை இருக்கு, ஆனா கரண்ட் பாயாது! புதிரை அவிழ்த்த நெவில் மாட் யார்?

இரும்பு காந்தத்தில் ஒட்டும், கரண்டையும் கடத்தும். ஆனால் நிக்கல் ஆக்சைடு என்ற பச்சைப் பொடிக்குள் காந்தத் தன்மை இருந்தும் கரண்ட் பாயாது. ஏன்?

விடை தேடிய நெவில் மாட், 1905-ல் இங்கிலாந்தின் லீட்ஸில் பிறந்தவர். அப்பா, அம்மா ரெண்டு பேருமே கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். மாட் 1933-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

1937-ல் அதே பிரிஸ்டலில் ஒரு மாநாடு. டி போயர், வெர்வே என்ற நெதர்லாந்து விஞ்ஞானிகள் குண்டைத் தூக்கிப் போட்டார்கள். அன்றைய தியரிப்படி நிக்கல் ஆக்சைடு உலோகம் மாதிரி கரண்ட் கடத்தியாக வேண்டும். சோதனையிலோ அது இன்சுலேட்டர்! எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விரட்டுவதைக் கணக்கில் எடுக்காததுதான் கோளாறு என்று க்ளூ கொடுத்தவர் ருடால்ஃப் பையர்ல்ஸ்.

அதைப் பிடித்துக்கொண்டார் மாட். நடுவில் உலகப்போர், ராணுவ ஆய்வு. 1949-ல்தான் விளக்கத்தை வெளியிட்டார்.

பஸ்சில் ரெண்டு பேர் சீட் ஒவ்வொன்றிலும் ஒருத்தர் மட்டும் உட்கார்ந்திருக்கார்னு வைங்க. பக்கத்தில் இன்னொருத்தரைச் சேர்க்க யாருக்கும் மனசில்லை. இடம் இருந்தும் யாரும் நகர மாட்டாங்க. எலக்ட்ரானும் அப்படித்தான். நகராததால் கரண்ட் இல்லை. ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். ஜோடி சேர்ந்தால் அது அடங்கிவிடும். தனியாக இருப்பதால் அடங்கவில்லை. (பக்கத்து அணுக்கள் எதிரெதிர் திசையில் நிற்பதால், நிக்கல் ஆக்சைடு ஃப்ரிட்ஜில் ஒட்டாது.)

1977-ல் ஆண்டர்சன், வான் விளெக்குடன் நோபல் பரிசு. அப்போது மாட்டுக்கு 72 வயது. 1996-ல் மறைந்தார். இந்த வகைப் பொருட்களுக்கு இன்றும் மாட் இன்சுலேட்டர் என்றுதான் பெயர்.