80 வயதில் எதிர்க்கட்சி

80 வயசுல நம்ம ஊர்ப் பெரியவங்க என்ன செய்வாங்க? திண்ணை, பேப்பர், பேரப்பிள்ளைகள். ராஜாஜி அந்த வயதில் புதுக் கட்சி ஆரம்பித்தார். அதுவும் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் கொடுத்த காங்கிரஸுக்கு எதிராக.

1878ல் ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீல். 1930ல் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார், 1937ல் சென்னை மாகாணப் பிரதமர், பிறகு கவர்னர் ஜெனரல். இது பள்ளிக்கூடப் பாடம். எனக்குச் சுவாரசியமானது அதற்குப் பிந்தைய கதை.

1952 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே. பெரும்பான்மை இல்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்தார். அப்படித்தான் அவர் முதல்வரானார். பின்வாசல் வழி என்றுதான் சொல்லணும். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ முடியாது. அரை நேரப் பள்ளித் திட்டம் குலக்கல்வி என்று பெயர் வாங்கி, சொந்தக் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்ப, 1954ல் பதவி விலகினார். காமராசர் வந்தார்.

1959ல் சென்னையில் சுதந்திரா கட்சி பிறந்தது. மினு மசானி, என்.ஜி. ரங்கா எல்லாரும் கூட இருந்தார்கள். அப்போது மத்தியிலும் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் ஒரே கட்சிதான். தொழில் தொடங்க லைசென்ஸ் வேண்டும், பொருள் வாங்க பெர்மிட் வேண்டும். அதைக் கொடுப்பது ஆளுங்கட்சி. வாங்குகிறவர் தேர்தல் நிதியை யாருக்குக் கொடுப்பார்? அந்த நிதியில் அதே கட்சி மறுபடி ஜெயிக்கும். இந்தச் சுழலைத்தான் ராஜாஜி விடாமல் எழுதினார், பேசினார். எங்க சாஃப்ட்வேர் பாஷையில், பேக்கப் இல்லாத ஒற்றை சர்வர்.

அவருடைய கட்சி மட்டும் இதை உடைக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் 1967ல் எதிரெதிர்க் கொள்கைக்காரர்களை ஒரே பந்திக்குக் கொண்டுவந்தார். கடவுள் பக்தரான ராஜாஜியும் பெரியார் வழி வந்த தி.மு.க.வும்! 1937ல் பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்தவர், 30 வருஷம் கழித்து இந்தி எதிர்ப்பாளர்களோடு மேடையில். முடிவைப் பாருங்க. காங்கிரஸுக்கும் தி.மு.க.வுக்கும் ஓட்டு ஆளுக்குச் சுமார் 41 சதவீதம்தான். ஆனால் காங்கிரஸுக்குக் கிடைத்தது சுமார் 50 இடங்கள். குறைவான தொகுதிகளில் நின்ற தி.மு.க.வுக்கு 130க்கு மேல். விருதுநகரில் காமராசரே தோற்றார். ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் ஓட்டு சதவீதத்தை வைத்து சண்டை போடுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்கலாம். எதிர்ப்பு ஓட்டு சிதறாமல் இருந்ததில்தான் எல்லாமே இருந்தது.

அதே தேர்தலில் நாடாளுமன்றத்தில் சுதந்திரா 44 இடங்களோடு பெரிய எதிர்க்கட்சியானது. 1971ல் காட்சி தலைகீழ். இப்போது கோட்டையில் பலமாக உட்கார்ந்திருந்தது தி.மு.க. ராஜாஜி, பல வருஷ அரசியல் எதிரியான காமராசரோடு கைகோத்தார். சந்தர்ப்பவாதம் என்று திட்டியவர்கள் உண்டு. என் கணக்கில், அவர் இரண்டு முறையும் எதிர்த்தது கோட்டையில் பலமாக இருந்தவரைத்தான். இந்த முறை எடுபடவில்லை; தி.மு.க. 234ல் 184 இடங்களை அள்ளியது.

1972 டிசம்பர் 25ல் ராஜாஜி மறைந்தார், 94 வயதில். இரண்டு வருஷத்தில் சுதந்திரா வேறொரு கட்சியோடு கலந்து காணாமல் போனது.