குட்டிக் காரை ஜெயிக்க வைத்தவர்!

குட்டீஸ்... 'மினி கூப்பர்' காரைப் பார்த்திருக்கிறீர்களா? உருண்டை விளக்குகளோடு, பொம்மைக் கார் போல இருக்கும். 'மினி' என்றால் சிறியது. அதென்ன கூப்பர்? அது ஒரு மனிதரின் பெயர். வீட்டுக்குக் காய்கறி வாங்கப் போகும் காரை, பந்தயத்தில் ஜெயிக்க வைத்த மனிதர் அவர்.

ஜான் கூப்பர், 1923 ஜூலை 17ல், இங்கிலாந்தில் பிறந்தார். லண்டனுக்கு அருகே சர்பிட்டன் என்ற ஊரில், அவரது அப்பா சார்லஸ், கார் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். ஸ்பேனரும், கிரீஸும் தான் ஜானுக்கு விளையாட்டுச் சாமான்கள். படிப்பை, 15 வயதில் நிறுத்திவிட்டு, கருவிகள் செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போர், 1945ல் முடிந்தது. நாட்டில் பணமும் இல்லை. இரும்பும் எளிதில் கிடைக்கவில்லை. ஆனால், ஜானுக்குப் பந்தயக் கார் செய்ய ஆசை. பழைய ஃபியட் கார்கள் இரண்டின் முன்பாகங்களை எடுத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்தார். அதில், 500 சி.சி., மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பொருத்தினார். அப்பாவும், நண்பர் எரிக் பிராண்டனும் உதவினர். 1946ல், முதல் கூப்பர் கார் தயார்!

அந்த எஞ்சினை எங்கே வைப்பது? மோட்டார் சைக்கிள் எஞ்சின், சங்கிலியால் சக்கரத்தைச் சுற்றும். அதனால், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தனர். வசதிக்காகச் செய்த இந்த ஏற்பாடு, பந்தய உலகையே மாற்றப்போகிறது என்று, அப்போது யாருக்கும் தெரியாது.

அந்தக் காலத்தில், பெரிய பந்தயக் கார்களுக்கு எஞ்சின் முன்னால் இருக்கும். அங்கிருந்து நீண்ட இரும்புத் தண்டு, ஓட்டுநரைத் தாண்டிப் பின்சக்கரம் வரை போகும். கூப்பர் காரில் அந்தத் தண்டே வேண்டாம். அதனால் எடை குறைந்தது. காரின் உயரமும் குறைந்தது. வளைவுகளில் சட்டென்று திரும்பியது.

ஃபார்முலா 1 போட்டிகளில், 1959ல் பெரிய கார்களோடு கூப்பர் கார்கள் மோதின. கடைசிப் பந்தயம், அமெரிக்காவின் செப்ரிங்கில் நடந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ஜாக் பிராபமின் கூப்பர் காரில், கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது! அவர் இறங்கி, மேட்டுப் பாதையில் காரைத் தள்ளியே எல்லைக் கோட்டைத் தாண்டினார், நான்காம் இடம். ஆனாலும், அந்த ஆண்டு உலக சாம்பியன் அவர்தான். பந்தயத்தை வென்றது, இன்னொரு கூப்பர் கார். ஓட்டியவர், 22 வயது புரூஸ் மெக்லாரன். 1960லும் பிராபம் தான் சாம்பியன். இன்று, எல்லா ஃபார்முலா 1 கார்களிலும், ஓட்டுநருக்குப் பின்னால் தான் எஞ்சின்!

இப்போது, மினிக்கு வருவோம்.

ஜானின் நண்பர் அலெக் இசிகோனிஸ், 1959ல், 'மினி' காரை உருவாக்கினார். நீளம், 10 அடி தான். சக்கரங்கள் நான்கும், காரின் நான்கு மூலைகளில் இருக்கும். அதை ஓட்டிப் பார்த்ததும், ஜானுக்குப் புரிந்துவிட்டது. பந்தயக் கார் போலவே, இது வளைவுகளில் சாயாமல் திரும்புகிறதே! ஆனால், இசிகோனிஸ் இதை ஏற்கவில்லை. இது சாதாரண மக்களுக்கான கார், பந்தயத்துக்கு அல்ல என்பது அவர் எண்ணம்.

ஜான் விடவில்லை. மினியைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் ஹாரிமனிடம் போய்ப் பேசினார். அவர், 1,000 கார்கள் செய்ய சம்மதித்தார். ஒவ்வொரு காருக்கும், ஜானுக்கு, 2 பவுண்டு கிடைக்கும்.

ஜான் என்னென்ன மாற்றினார் தெரியுமா?

எஞ்சினை, 848 சி.சி.,யிலிருந்து 997 சி.சி., ஆக்கினார். காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டர், ஒன்றுக்கு இரண்டானது. எஞ்சின் திறன், 34 குதிரைத் திறனிலிருந்து, 55 ஆனது. கையருகே வரும்படி, கியர் கம்பியையும் மாற்றினார்.

வேகத்தை மட்டும் கூட்டினால் ஆபத்து அல்லவா? அதனால், பிரேக்கையும் மாற்றினார். பழைய டிரம் பிரேக், மூடிய கிண்ணம் போன்றது. அடிக்கடி அழுத்தினால், உள்ளே சூடேறிப் பிடிமானம் குறையும். டிஸ்க் பிரேக் அப்படி இல்லை. சைக்கிள் பிரேக் கட்டைகள் ரிம்மைப் பிடிப்பது போல, சுழலும் தட்டை இரு பக்கமும் பிடிக்கும். சூடு, காற்றில் போய்விடும். பந்தயக் கார்களில் இருந்த டிஸ்க் பிரேக், இந்தக் குட்டிக் காரின் முன்சக்கரங்களுக்கு வந்தது. நன்றாக நிற்கும் என்ற நம்பிக்கை இருந்தால் தானே, வளைவு வரை வேகமாகப் போக முடியும்?

மினி கூப்பர், 1961ல் விற்பனைக்கு வந்தது. ஆயிரம் என்று தொடங்கிய கணக்கு, லட்சத்தைத் தாண்டியது. 1963ல், இன்னும் வேகமான, 'கூப்பர் எஸ்' வந்தது.

அதே ஆண்டு, ஜானுக்கு ஒரு சோதனை. மினியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு எஞ்சின் வைத்து ஓட்டிப் பார்த்தார். அந்தக் கார் கவிழ்ந்து, படுகாயமடைந்தார். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். இரட்டை எஞ்சின் கார், கடைக்கு வரவே இல்லை.

அடுத்த ஆண்டு, 1964ல், பனி மூடிய மலைப்பாதைகளில் நடக்கும், 'மான்டி கார்லோ ராலி'யில், பேடி ஹாப்கிர்க் ஓட்டிய கூப்பர் எஸ் முதலிடம் பெற்றது. எஞ்சின் அளவைப் பார்த்துப் புள்ளி தரும் விதியும், குட்டிக் காருக்குக் கை கொடுத்தது. 1965லும் வெற்றி. 1966ல், முதல் மூன்று இடமும் மினிக்கே! ஆனால், முன்விளக்கு விதிப்படி இல்லை என்று, மூன்றையும் நீக்கிவிட்டனர். மினி சோர்ந்து போகவில்லை. 1967ல் மீண்டும் வந்து ஜெயித்தது.

ஜான் கூப்பர், 2000 டிசம்பர் 24ல், 77வது வயதில் காலமானார். புதிய மினி கார்கள், அடுத்த ஆண்டு வந்தபோது, அவற்றிலும் அவர் பெயர் இருந்தது. இன்றும், மினியின் அதிவேக ரகங்களுக்கு, 'ஜான் கூப்பர் ஒர்க்ஸ்' என்று தான் பெயர்.

சிறியது என்பதற்காக எதையும் ஒதுக்கிவிடாதீர்கள், குட்டீஸ். அதில் என்ன நன்றாக இருக்கிறது என்று, ஜான் போல உற்றுப் பாருங்கள்!