பாட்டு மன்னன் மனதில் பூட்டிய ரகசியம்

மேல்நாட்டுப் பாட்டு உலகில் கொடி கட்டிப் பறந்தவர், பிரெடி மெர்க்குரி. அவரை வெள்ளைக்காரர் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அவர் இந்திய வம்சத்தைச் சேர்ந்தவர்!

சொந்தப் பெயர், பரூக் புல்சாரா. பெற்றோர் பார்சிகள். குஜராத்தில் உள்ள வல்சாடு அவர்களின் பூர்வீக ஊர். தந்தை, ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவில் காசாளராக வேலை பார்த்தார். அங்கே 1946-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி பரூக் பிறந்தார்.

பஞ்சகனியில் படிப்பு

8 வயதில் அவரைப் படிக்க இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பம்பாய் மாநிலத்தில், பஞ்சகனி மலையில் உள்ள செயின்ட் பீட்டர்ஸ் பள்ளியில் சேர்ந்தார். விடுதி வாழ்க்கை. அங்கே பியானோ கற்றார். 1958-ல் தோழர்களுடன் ஒரு பாட்டுக் குழு அமைத்தார். "பிரெடி" என்ற செல்லப் பெயரும் அங்கே வந்ததுதான்.

1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியது.

அப்போது அந்த நாட்டில், ஆணும் ஆணும் உறவு கொண்டால் ஜெயில்! 1967-ல் சட்டம் தளர்ந்தது. ஆனால் ஊர் வாய் அடங்கவில்லை.

"ராணி"

1970-ல் நண்பர்களுடன் சேர்ந்து பிரெடி ஒரு குழு அமைத்தார். அதற்கு "குயின்" என்று பெயர் வைத்தார். "ராணி" என்று பொருள். பெண்மை கலந்த ஆண்களைக் கேலி செய்யவும் அந்தச் சொல் வழங்கியது. அது தெரிந்தேதான் வைத்தார்!

1975-ல் வெளிவந்த "பொகிமியன் ராப்சடி" இசைத்தட்டு, இங்கிலாந்தில் 9 வாரம் முதல் இடத்தில் இருந்தது.

பிரெடி, மேரி ஆஸ்டின் என்ற பெண்ணை நேசித்து, அவருடன் வாழ்ந்தார். பிறகு, தன் மனம் ஆண்களையும் நாடுவதை அவரிடம் சொன்னார். மேரி வெறுக்கவில்லை. கடைசி வரை உற்ற தோழியாக இருந்தார்.

மேரியிடம் சொன்னதை உலகத்திடம் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டால், வேடிக்கையாக ஏதாவது சொல்லி நழுவி விடுவார்.

1984-ல் ஒரு பாட்டுப் படத்தில் குழுவினர் நால்வரும் பெண் வேடம் போட்டார்கள். நம் ஊர்களில், ஆண்கள் சேலை கட்டி ஆடிய நாடகங்களை ஜனங்கள் விடிய விடிய ரசித்தது உண்டு. ஆனால் அமெரிக்காவில் பலர் முகம் சுளித்தார்கள்.

1985 ஜூலை 13-ந் தேதி, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டனில் பாடினார். 20 நிமிடம்தான். திரண்டிருந்த 72 ஆயிரம் பேரும் கூடவே பாடினார்கள்!

கடைசி நாள்

இவ்வளவு பேர் முன் பாடியவர், தன்னைப் பற்றிய எய்ட்ஸ் செய்தியை நெருங்கியவர்களிடம் மட்டுமே சொன்னார். நோயாளிகளை ஊரே ஒதுக்கிய காலம் அது. உடல் மெலிந்தது. பத்திரிகைக்காரர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். அவருடன் வாழ்ந்த ஜிம் ஹட்டன் என்பவர், பக்கத்தில் இருந்து பணிவிடை செய்தார்.

1991 நவம்பர் 23-ந் தேதி, தனக்கு எய்ட்ஸ் என்று பிரெடி அறிவித்தார். மறுநாள் உயிர் பிரிந்தது. வயது 45. பார்சி முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது.

நண்பர்கள் 1992-ல் அஞ்சலிக் கச்சேரி நடத்தினார்கள். அவர் பெயரால் எய்ட்ஸ் ஒழிப்பு அறக்கட்டளையும் தொடங்கினார்கள். இன்று தக்க மருந்து சாப்பிட்டால், எச்.ஐ.வி. கிருமி உள்ளவர்களும் நெடுநாள் வாழலாம்.

பிரெடி படித்த இந்தியாவில், வயது வந்த இருவர் விரும்பிக் கொள்ளும் ஒருபால் உறவு குற்றம் அல்ல என்று 2018 செப்டம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அவர் இறந்து 27 ஆண்டுகள் ஆகவிருந்த நேரம் அது.