கல்லறை தெரியாத புனிதர்

நவம்பர் மாதம் 2ம் திகதி. மரித்த விசுவாசிகள் அனைவரையும் திருச்சபை நினைவுகூரும் நாள். தெஹியோவிட்டப் பகுதித் தோட்டங்களில் அன்று மாலை எமது மக்கள் பூவும் மெழுகுதிரியுமாக மயானத்துக்குப் போவார்கள். சிலர் தங்கள் பெற்றோரின் புதைகுழியை நேரே சென்றடைவர். வேறு சிலரோ எங்கே திரி ஏற்றுவதென்று தெரியாமல் நிற்பர். எமது மழைக்கு மரச்சிலுவை அதிக காலம் தாங்காது. கல் நாட்ட அன்று வசதி இருக்கவில்லை. பாட்டியைப் புதைத்த இடத்தில் இன்று புல்லும் புதரும் மண்டிக் கிடக்கின்றன.

இன்னும் பின்னோக்கிப் பார்த்தால், மன்னார்க் கரையில் இறங்கி மலைநாட்டுத் தோட்டங்களை நோக்கி நடந்த எம் முன்னோரில் எத்தனையோ பேர் கொள்ளை நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டனர். அவர்களுக்குக் குழியும் இல்லை, குறியும் இல்லை. எமது கேகாலை மாவட்டத்திலேயே, 2016 மே மாதம் 17ம் திகதி அரநாயக்க சாமசர மலை சரிந்தபோது மண்ணுக்குள் போன பலரின் உடல்கள் மீட்கப்படவேயில்லை.

இவர்களும் சரீரத்தோடு உயிர்த்தெழுவார்களா? விசுவாசப் பிரமாணத்தில் சரீர உத்தானத்தை அறிக்கையிடும்போதெல்லாம் பலரது மனதில் இக்கேள்வி எழுகின்றது. எமது நாட்டின் முதற் புனிதரான யோசேவாஸ் அடிகளாரின் வாழ்வையும் மரணத்தையும் சற்றுச் சிந்தித்தால் இதற்கு விடை கிடைக்கும்.

அடிகளார் 1651ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ம் திகதி கோவாவில் பெனோலிம் என்னும் ஊரில் பிறந்தார். 1676ல் குருப்பட்டம் பெற்றார். ஒல்லாந்தர் ஆட்சியில் இலங்கைக் கத்தோலிக்கர் குருவின்றி, பூசையின்றி வாடுவதைக் கேள்வியுற்று மனம் வருந்தினார். 1687ல் யோவான் என்னும் உதவியாளருடன் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். குருக்களுக்கு இந்நாடு தடைசெய்யப்பட்டிருந்த காலம் அது. ஆகவே அங்கியைக் களைந்து, ஒரு கூலியாளின் கோலத்தில் வந்து இறங்கினார். கூலியாட்களாக இந்நாட்டில் கால் வைத்தவர்களின் சந்ததியாராகிய எமக்கு இது எவ்வளவு நெருக்கமான செய்தி!

கடற்பயணத்தில் பட்ட பசியும் தாகமும் அவரை உருக்குலைத்தன. யாழ்ப்பாணத்தில் வயிற்றோட்டம் கண்டு, எவரும் அண்டாத நிலையில் கிடந்தார். இரக்கமுள்ள பெண்கள் கொடுத்த கஞ்சியே அவரது உயிரைக் காத்தது. இலங்கைத் திருச்சபைக்குப் புத்துயிர் அளித்த மனிதரை இறைவன் ஒரு வாய்க் கஞ்சியால் காப்பாற்றினார் என்பதை நாம் மறக்கலாகாது.

குணமடைந்தபின், கழுத்தில் செபமாலையுடன் வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்று, மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலையில் தங்கி இரவு வேளைகளில் பூசை நிறைவேற்றினார். பின்னர் புத்தளம் சென்று, 1692ல் கண்டி இராச்சியத்துள் நுழைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைப்பட்டார். நாளடைவில் அவரது தூய வாழ்வை அறிந்த இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன், ஒரு பௌத்த அரசனாயிருந்தும், அவருக்குச் சுதந்திரமும் ஆதரவும் அளித்தான்.

1697ம் ஆண்டு கண்டி நகரை அம்மைநோய் தாக்கியது. அரசன் நகரைவிட்டு அகன்றான். வசதியுள்ளோர் ஓடினர். பெற்ற பிள்ளைகளையும் பெற்றோரையும் கூடக் காட்டிலும் தெருவிலும் விட்டுச் சென்றனர். அந்நேரத்தில் அடிகளாரும் அவரது உறவினரான யோசப் கர்வாலோ அடிகளாரும் நகரிலேயே தங்கினர். சீழ் வடிந்த புண்களைத் தங்கள் கையாலேயே கழுவினர். உணவூட்டினர். மதம் பாராது, சாதி பாராது பணிபுரிந்தனர். கேட்பாரற்றுக் கிடந்த பிணங்களுக்குக் குழி தோண்டி அடக்கம் செய்தனர்.

அழுகும் உடலுக்கு ஏன் இத்தனை மரியாதை? சரீரம் என்பது ஆத்துமம் கழற்றி எறியும் சட்டை அல்ல என்று அடிகளார் விசுவசித்தார். ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்தது இந்தச் சரீரத்தின்மீதே. நற்கருணை வாங்குவது இந்த நாவே. செபமாலை உருட்டுவதும், கொழுந்து பறிப்பதும், பால் வெட்டுவதும், பிள்ளையைத் தாலாட்டுவதும் இந்தக் கைகளே. ஆகவே நன்மை செய்த ஆத்துமத்தோடு, அதற்குத் தோள் கொடுத்த சரீரமும் மகிமையில் பங்கு பெற வேண்டும் என்பதே எமது விசுவாசம். இது லாசர் எழுந்ததுபோல மறுபடி சாவதற்காக எழுவதன்று. வேறொரு பிறவி எடுப்பதுமன்று. உயிர்த்த ஆண்டவர் ஆவியல்ல, ஐந்து காயங்களைத் தாங்கிய அதே இயேசு. ஆயினும் மரணம் இனி அவரைத் தீண்டாது. நாமும் அவ்வாறே, நாமாகவே, ஆனால் புதுமையாக்கப்பட்டு எழுவோம்.

1711ம் ஆண்டு ஜனவரி மாதம் 16ம் திகதி அடிகளார் கண்டியில் உயிர் நீத்தார். அங்கிருந்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் 1740களில் கண்டி இராச்சியத்தில் எழுந்த கலாபனையில் அவ்வாலயம் அழிந்தது. காலப்போக்கில் கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. பிற்காலத்தில் எவ்வளவோ தேடியும் அது கிடைக்கவில்லை. எத்தனையோ அனாதைப் பிணங்களுக்குக் குழி தோண்டியவரின் குழி எதுவென்று எவருக்கும் தெரியாது!

ஆயினும் 1995 ஜனவரி 21ம் திகதி கொழும்பில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். 2015 ஜனவரி 14ம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். எலும்புகள் எங்கே என்று தெரியாமலிருப்பது திருச்சபைக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை. மண்ணுக்கு மறதி உண்டு, இறைவனுக்கு மறதி இல்லை.

இது புதிய படிப்பினையுமன்று. 177ம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் வேதசாட்சிகளைக் கொன்றவர்கள், அவர்கள் உயிர்த்தெழக் கூடாதென்று உடல்களை எரித்துச் சாம்பலை றோன் ஆற்றில் கரைத்தார்கள். அன்றைய கிறிஸ்தவர்களின் நம்பிக்கை அந்த ஆற்றோடு போய்விடவில்லை. ஒன்றுமில்லாமையிலிருந்து மனிதனைப் படைத்தவருக்குச் சாம்பலிலிருந்தும் சேற்றிலிருந்தும் எழுப்புவது இயலாததா? இதனாலேயே திருச்சபை அடக்கம் செய்வதை விரும்பினாலும், 1963ம் ஆண்டிலிருந்து தகனத்துக்கும் இடமளித்துள்ளது. சாம்பலைச் சிதறவிடாது புனித இடத்தில் வைக்கும்படி மட்டும் கேட்கின்றது.

ஆகவே, பாட்டியின் குழி தெரியவில்லையே என்று கலங்கி நிற்கும் சகோதரரே, மயானத்தின் எந்த மூலையிலாவது உங்கள் திரியை ஏற்றுங்கள். அவரது பெயர் அழியாத ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. இருக்கும் குழிகளையோ புதர் மண்டவிடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, லயத்தின் ஒரு மூலையில் இருமிக்கொண்டு கிடக்கும் முதியவரை மறவாதீர்கள். மகிமையில் எழப்போகும் சரீரம் அதுவே. அதைக் கழுவுங்கள், அதற்கு ஒரு வாய்க் கஞ்சி கொடுங்கள். புனித யோசேவாஸ் அடிகளார் சரீர உத்தானத்தை அறிக்கையிட்ட விதம் இதுவே.