தோட்டத்துப் பள்ளி

பசித்த வயிற்றோடு வரும் குழந்தைக்குப் பாடம் ஏறாது என்பதை மார்கரெட் மெக்மில்லன் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில் கண்டார். 1860இல் அமெரிக்காவில் ஸ்காட்லாந்துப் பெற்றோருக்குப் பிறந்த அவர், 1894இல் அந்நகரின் பள்ளிக் குழுவிற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பள்ளியிலேயே குளியலறை அமைக்கவும் உணவு வழங்கவும் போராடினார்.

பின்னர் இலண்டனின் ஏழ்மை மிகுந்த டெட்ஃபோர்டு பகுதியில், 1910இல் தமக்கை ரேச்சலுடன் இணைந்து பள்ளிக் குழந்தைகளுக்கான மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். குணமாகிச் சென்ற குழந்தைகள் அதே நோயுடன் மீண்டும் வந்தனர். காற்றும் வெயிலும் நுழையாத வீடுகள் மருந்தின் பயனை அழித்தன. பிறர் மருந்தோடு நின்றிருப்பர், மார்கரெட் நிற்கவில்லை.

1914இல் ஐந்து வயதுக்குட்பட்டோர்க்கான திறந்தவெளி மழலையர் பள்ளி உருவாயிற்று. காற்றோட்டமான கொட்டகைகள், சுற்றிலும் தோட்டம். குழந்தைகள் குளித்தனர், வயிறார உண்டனர், பகலில் திறந்தவெளியில் உறங்கினர். மலரை முகர்ந்தும் செடிகளைப் பேணியும் மண்ணில் விளையாடியும் நிறம், மணம், சொல் ஆகியவற்றை அறிந்தனர். குளியலையும் உறக்கத்தையும்கூட மார்கரெட் கல்வியின் பகுதியாகவே கருதினார்.

முதல் உலகப்போரின் நடுவே, 1917இல் ரேச்சல் மறைந்தார். துயரிலும் பணியைக் கைவிடாத மார்கரெட், பள்ளிக்குத் தமக்கையின் பெயரையே சூட்டினார். 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் மழலையர் பள்ளிகளை நடத்த வழிவகுத்தது, கட்டாயப்படுத்தவில்லை. எனவே அவை மெல்லவே பெருகின. மழலையரை வளர்க்கத் தனிப்பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என வலியுறுத்திய மார்கரெட், 1930இல் டெட்ஃபோர்டில் பயிற்சிக் கல்லூரியொன்றை நிறுவினார். அதற்கும் ரேச்சலின் பெயரே. மறு ஆண்டு மார்கரெட் மறைந்தார்.