வாசலில் நிற்பவரை நினைத்த வால்ட் டிஸ்னி

இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்

புதிய இடத்திற்கு முதன்முறையாகச் செல்லும்போது மனத்தில் கலக்கம் எழுவது இயற்கை. திருவிழாக் கூட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்து நடந்த நாளிலிருந்தே அந்தக் கலக்கம் நம்முடன் வருகிறது. சென்ற ஆண்டு எங்கள் வகுப்பு நண்பர்கள் பெங்களூருக்கு அருகிலுள்ள ஒரு கேளிக்கைப் பூங்காவிற்குச் சுற்றுலா சென்றனர். பணம் கட்டியிருந்தும், காய்ச்சல் என்று பொய் சொல்லி நான் வீட்டிலேயே தங்கிவிட்டேன். அச்சமே காரணம். எங்கள் குடும்பத்தில் எவரும் அத்தகைய இடத்தின் வாசலை மிதித்ததில்லை. எதை உடுத்துவது? பையை எங்கே வைப்பது? உயரத்தில் தலை சுற்றினால் என்ன செய்வது? தெரியாமல் விழித்தால் மற்றவர்கள் சிரிப்பார்களோ? ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி வந்துவிட்டால் பெயர்ப் பலகைகளின் எழுத்தும் மாறிவிடுகிறது. யாரிடம் கேட்பது?

அந்த விடுமுறையில்தான் வால்ட் டிஸ்னியின் வரலாற்றைப் படித்தேன். மிக்கி எலியைப் படைத்தவர் என்ற அளவிலேயே அவரை அறிந்திருந்தேன். என்னைப் போல் வாசலில் தயங்கி நிற்பவரைப் பற்றி இவ்வளவு சிந்தித்தவர் அவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் டிஸ்னி பிறந்தார். மார்சலின் என்னும் சிற்றூரில் பண்ணை வீட்டில் சில ஆண்டுகள் வளர்ந்தார். பின்னர் குடும்பம் கான்சாஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையார் செய்தித்தாள் விநியோகத்தை ஏற்று நடத்தினார். சிறுவன் வால்ட், பனி பெய்யும் குளிர்காலத்திலும் விடியுமுன் எழுந்து வீடு வீடாகச் செய்தித்தாள் போடுவான். பிறகு பள்ளிக்குச் செல்வான். நம் ஊரில் அதிகாலையில் பால் ஊற்றிவிட்டு வகுப்புக்கு வரும் மாணவர்களுக்கு இந்தப் பாடு புரியும். அந்நகரில் எலக்ட்ரிக் பார்க் என்றொரு பூங்கா இருந்தது. அதன் மின்விளக்குகளும் வாணவேடிக்கைகளும் சிறுவனின் நெஞ்சில் பதிந்துவிட்டன.

அவர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பையும் முடிக்கவில்லை. ஓவியமே அவருக்கு வாழ்வாயிற்று. கான்சாஸ் நகரில் அவர் தொடங்கிய கேலிச்சித்திரப் பட நிறுவனம் 1923-இல் திவாலாயிற்று. மனம் தளராமல் ஹாலிவுட் சென்று, அண்ணன் ராயுடன் சேர்ந்து புதிய நிறுவனம் கண்டார். 1928-இல் அவருடைய ஆஸ்வால்டு என்னும் முயல் பாத்திரம் ஒப்பந்தச் சிக்கலால் கைவிட்டுப் போயிற்று. அந்த இழப்பிலிருந்து பிறந்ததுதான் மிக்கி எலி. 1937-இல் வெளிவந்த ஸ்னோ ஒயிட் முழுநீளப் படம் உலகப் புகழைத் தேடித் தந்தது.

அவரிடம் குறையே இல்லை என்று நான் எழுத மாட்டேன். 1941-இல் அவருடைய நிறுவனத்து ஓவியர்கள் சங்க உரிமை கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது அவர் கடுமை காட்டினார். தொழிலாளியின் மகனான எனக்கு அந்தப் பக்கங்கள் கசந்தன. பெரியவர்களின் வாழ்வை முழுமையாகப் படிப்பதே முறை.

விடுமுறை நாட்களில் தம் இரு பெண் குழந்தைகளையும் அவர் பூங்காவிற்கு அழைத்துச் செல்வார். குழந்தைகள் ராட்டினத்தில் சுற்றுவார்கள். தந்தை பெஞ்சில் தனியே அமர்ந்திருப்பார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழ ஓர் இடம் இல்லையே என்று அங்கேதான் ஏங்கினார். டென்மார்க்கின் டிவோலி பூங்காவைப் பார்த்தபின் அந்த எண்ணம் உறுதிப்பட்டது. ராய் தயங்கினார். வால்ட் தம் ஆயுள் காப்பீட்டின் பேரில் கடன் வாங்கினார். ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தார். அனஹைம் என்னுமிடத்தில் 160 ஏக்கர் நிலம் வாங்கினார். நம் பகுதியில் தோப்புகள் தொழிற்சாலைகளானதைப் போல, அங்கே ஆரஞ்சுத் தோப்பு டிஸ்னிலாந்து ஆயிற்று.

1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் திறப்பு விழா. அந்த நாளின் கதையைப் படித்தபோது என் அச்சம் பாதி கரைந்தது. அழைக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 11,000 பேர். வந்தவர்களோ 28,000 பேர்! பலர் போலி அனுமதிச் சீட்டுடன் நுழைந்துவிட்டனர். வெயில் 38 டிகிரி செல்சியஸ். புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் காலணிகள் சிக்கிக்கொண்டன. குழாய்த் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாயா கழிப்பறையா என்ற நிலை வந்தபோது டிஸ்னி கழிப்பறைகளைத் தேர்ந்தெடுத்தார். குடிக்க நீரின்றி மக்கள் தவித்தனர். பல விளையாட்டுகள் பழுதாயின. கட்டியவருக்கே முதல் நாள் தடுமாற்றம் என்றால், போய்ப் பார்க்கும் நமக்குத் தடுமாற்றம் வருவதில் என்ன வெட்கம்?

அவர் சோர்ந்துவிடவில்லை. குறைகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். ஏழே வாரங்களில் பத்து இலட்சம் பேர் வந்து சென்றனர். பூங்காவிலேயே, தீயணைப்பு நிலையத்தின் மாடியில், ஒரு சிறு குடியிருப்பு வைத்துக்கொண்டார். மக்களோடு மக்களாக நடந்து கவனித்தார். ஏழு நிமிடம் செல்ல வேண்டிய படகுச் சவாரி விரைவில் முடிந்துவிட்டால், வந்தவரை ஏமாற்றிவிட்டதாகவே கருதிக் கடிந்துகொண்டார்.

பூங்காவின் அமைப்பிலேயே அவருடைய பரிவைக் காணலாம். பல வாசல் வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்லியும் ஒரே வாசல் வைத்தார். உள்ளே வந்தவர் திசை தடுமாறக் கூடாதல்லவா? வாசலைக் கடந்து உள்ளே வந்தால் எதிரே கோட்டை தெரியும். அதன் முன்னுள்ள நடுத்திடலிலிருந்து எல்லாப் பகுதிகளுக்கும் வழி பிரியும். வழி தவறினால் திடலுக்குத் திரும்பினால் போதும். குடும்பங்கள் அஞ்சாமல் வர வேண்டும் என்று மதுவை விலக்கினார். வருபவர்களை விருந்தினர் என்றே அழைக்கப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தார். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியே காசு எடுக்க வேண்டியிருந்ததை மாற்றி, அதே ஆண்டு அக்டோபரில் சீட்டுப் புத்தகம் கொண்டுவந்தார்.

பிளாரிடா மாநிலத்தில் இன்னும் பெரிய பூங்காவிற்குத் திட்டமிட்டிருந்த வேளையில், 1966 டிசம்பர் 15-ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் ராய் அப்பணியைத் தோளில் சுமந்து, 1971 அக்டோபரில் தம்பியின் பெயராலேயே அதைத் திறந்து வைத்தார். அதே ஆண்டு டிசம்பரில் அவரும் மறைந்தார்.

இவ்வாண்டு நான் சுற்றுலாவிற்குச் சென்றேன். வாசலில் இருந்த வரைபடத்தை முதலில் பார்த்தேன். காவலாளியிடம் அரைகுறைக் கன்னடத்தில் வழி கேட்டேன். அவர் சிரித்தபடி தமிழிலேயே பதில் சொன்னார்! மாற்றுடையையும் பணப்பையையும் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினோம். பிரிந்துபோனால் கூட வேண்டிய இடத்தைப் பேசி வைத்துக்கொண்டோம். சிறிய ராட்டினத்தில் தொடங்கினேன். மலைபோல் ஏறி இறங்கும் ரயிலில் அமர்ந்தபோது வகுப்பில் படித்த பாடம் நினைவுக்கு வந்தது. முதல் ஏற்றத்தில் பெற்ற நிலை ஆற்றலே இயக்க ஆற்றலாக மாறி வண்டியை ஓட்டுகிறது. உராய்வால் ஆற்றல் குறைந்துகொண்டே வருவதால் அடுத்த மேடுகள் தாழ்வாக அமைகின்றன. காரணம் தெரிந்ததும் கைப்பிடியை இறுகப் பற்றியிருந்த விரல்கள் தளர்ந்தன. மிக உயரமான சவாரியில் மட்டும் நான் ஏறவில்லை. கீழே நின்று நண்பர்களுக்குக் கையசைத்தேன். யாரும் சிரிக்கவில்லை.

மாலையில் வீடு திரும்பியதும் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார்; எல்லாவற்றையும் சொன்னேன். சென்ற ஆண்டுக் காய்ச்சலைப் பற்றியும் சொன்னேன். அடுத்த முறை தாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வாசலில் அவர் தயங்கினால் கைப்பிடித்து அழைத்துச் செல்ல நான் இருக்கிறேன்.

நண்பர்களே! உங்கள் வகுப்பிலும் சுற்றுலா நாளில் காய்ச்சல் என்று சொல்லும் நண்பர் ஒருவர் இருக்கக்கூடும். அவரைக் கேலி செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து, அங்கே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். வால்ட் டிஸ்னி கோடிக்கணக்கில் செலவிட்டுச் செய்ததை, நாம் நாலு சொல்லால் செய்துவிடலாம்.