ஸ்னூப்பியை வரைந்தவர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தார்? கார்ட்டூனிஸ்ட் சார்லஸ் ஷூல்ஸின் கதை

வெள்ளை உடம்பு, கறுப்புக் காது, தன் வீட்டுக் கூரை மேலேயே மல்லாந்து படுத்திருக்கும் நாய். டி-ஷர்ட்டிலோ பென்சில் பாக்ஸிலோ ஸ்னூப்பியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதை வரைந்தவர் அமெரிக்க கார்ட்டூனிஸ்ட் சார்லஸ் எம். ஷூல்ஸ். அவருடைய 'பீனட்ஸ்' படக்கதை உச்சத்தில் 75 நாடுகளில், சுமார் 2,600 பத்திரிகைகளில் வெளியானது.

ஆனா அந்த வாசலுக்குள் நுழைய, தன் படக்கதையின் பெயரையும் உரிமையையும் அவர் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எப்படி?

சலூன்காரர் மகன்

1922 நவம்பர் 26-ம் தேதி மினியாபோலிஸ் நகரில் பிறந்த ஷூல்ஸ், வளர்ந்தது பக்கத்து நகரமான செயின்ட் பாலில். அப்பா சலூன் வைத்திருந்தார். பிறந்த சில நாட்களிலேயே உறவினர் ஒருவர் 'ஸ்பார்க்கி' என்று செல்லப் பெயர் வைத்தார். அதுவே ஒரு படக்கதையில் வரும் குதிரையின் பெயரில் இருந்து வந்ததுதான்!

1937-ல், 14 வயதில் முதல் வெற்றி. ஊசி, ஆணி, பிளேடு என்று கண்டதையும் விழுங்கும் தன் வீட்டு நாய் ஸ்பைக்கை வரைந்து அனுப்பினார். 'ரிப்ளி'ஸ் பிலீவ் இட் ஆர் நாட்' பகுதியில் அது வெளியானது. ஆனா பள்ளிக் கடைசி வருட மலருக்கு அவர் கொடுத்த படங்களில் ஒன்றுகூட அச்சாகவில்லை.

பிறகு தபால் வழியில் ஓவியம் படித்தார். கட்டணம் 170 டாலர். அப்பா தவணை தவணையாகக் கட்டினார். அங்கே குழந்தைகளை வரையும் பாடத்தில் அவருக்குக் கிடைத்தது வெறும் 'சி பிளஸ்'. பின்னாளில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே குழந்தைகள் படம்தான்.

1943-ல் ராணுவத்தில் சேர்க்கப்பட்ட அதே சமயத்தில் அம்மா புற்றுநோயால் இறந்தார். அந்தத் துக்கத்தோடுதான் போருக்குப் போனார். ஐரோப்பாவில் இயந்திரத் துப்பாக்கிப் பிரிவில் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார்.

சிண்டிகேட் என்றால் என்ன?

அமெரிக்காவில் கார்ட்டூனிஸ்ட்டுகள் ஒவ்வொரு பத்திரிகையாக ஏறி இறங்குவதில்லை. நடுவில் 'சிண்டிகேட்' என்ற நிறுவனங்கள் உண்டு. கார்ட்டூனிஸ்ட்டோடு ஒப்பந்தம் போட்டு, ஒரே படக்கதையைப் பல ஊர்ப் பத்திரிகைகளுக்கு விற்பது அவற்றின் வேலை. வரும் பணத்தில் கார்ட்டூனிஸ்ட்டுக்கு ஒரு பங்கு. தனி ஆளாக நாடு முழுக்க விற்க முடியாது. அதனால் அந்தக் காலத்தில் சிண்டிகேட் சொன்னதுதான் சட்டம்.

மூடிய கதவுகள்

ஷூல்ஸ் தான் படித்த அதே தபால்வழிப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். மாணவர்களின் படங்களைத் திருத்துவது பகல் வேலை. மற்ற நேரத்தில் சொந்தமாக வரைந்து அனுப்பிக்கொண்டே இருந்தார். பெரும்பாலும் திரும்பித்தான் வந்தது.

1947-ல் 'செயின்ட் பால் பயனியர் பிரஸ்' பத்திரிகையில் 'லில் ஃபோக்ஸ்' என்ற வாராந்தர கார்ட்டூன் தொடங்கியது. பெரியவர்கள் மாதிரி பேசும் குட்டிக் குழந்தைகள்தான் அதில் ஆட்கள். 1948-ல் ஒரு சிண்டிகேட்டோடு பேச்சு கிட்டத்தட்ட முடிவாகி, கடைசியில் கைநழுவிப்போனது. ஆனால், புகழ்பெற்ற 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' 1948-லிருந்து 1950 வரை அவருடைய 17 கார்ட்டூன்களை வாங்கியது. 1950 ஜனவரியில் 'லில் ஃபோக்ஸ்' நின்றது. சம்பளத்தைக் கூட்டுங்கள், நல்ல இடத்தில் போடுங்கள் என்று அவர் கேட்டதைப் பத்திரிகை ஏற்கவில்லை.

நியூயார்க் காலை

அதே ஆண்டு, தன் சிறந்த கார்ட்டூன்களை நியூயார்க்கின் 'யுனைடெட் ஃபீச்சர் சிண்டிகேட்'டுக்கு அனுப்பினார். நேரில் வரச் சொன்னார்கள். ஜூன் மாதம் போனபோது, கட்டம் கட்டமாக வரைந்த புதுப் படக்கதைகளையும் எடுத்துப் போயிருந்தார். சீக்கிரமே போய்விட்டதால் பொட்டலத்தை ஆபீஸில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வருவதற்குள் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டார்கள். ஒற்றைப் பட கார்ட்டூனை விட இதுதான் வேண்டும் என்று முடிவும் எடுத்துவிட்டார்கள்.

என்ன கொடுத்தார்?

முதலில் பெயர். 'லில் ஃபோக்ஸ்' போலவே பெயர் கொண்ட படக்கதை ஏற்கெனவே வந்திருந்ததால், சிண்டிகேட் 'பீனட்ஸ்', அதாவது வேர்க்கடலை, என்று மாற்றியது. அந்தப் பெயரைக் கடைசி வரை ஷூல்ஸுக்குப் பிடிக்கவே இல்லை.

இரண்டாவது, காப்புரிமை. அது சிண்டிகேட்டிடம் போனது.

மூன்றாவது, இடம். பத்திரிகைகளுக்கு இடம் மிச்சமாகும் என்று சொல்லித்தான் 'பீனட்ஸ்' விற்கப்பட்டது. ஒரே அளவில் நாலு கட்டம். படுக்கையாகவும் போடலாம், செங்குத்தாகவும் போடலாம், சதுரமாகவும் அடுக்கலாம். அவ்வளவு சின்ன கட்டத்தில் பெரிய காட்சிகள் வரைய முடியாது. அதனால் சில கோடுகள், ஒரு சின்ன முகம், கொஞ்சம் பேச்சு. அந்தக் குறைச்சலே பிறகு அவருடைய தனி பாணியாகிவிட்டது.

1950 அக்டோபர் 2-ம் தேதி 7 பத்திரிகைகளில் 'பீனட்ஸ்' தொடங்கியது. அவரைக் கைவிட்ட சொந்த ஊர்ப் பத்திரிகை அந்த ஏழில் இல்லை. முதல் மாத வருமானம் 90 டாலர். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 4-ல் ஸ்னூப்பி வந்தது.

விட்டுக்கொடுக்காத ஒன்று

நாயகன் சார்லி பிரவுன் ஒரு மேட்ச் கூட லேசில் ஜெயிக்க மாட்டான். பட்டம் விட்டால் மரத்தில் மாட்டும். திருப்பி அனுப்பப்பட்ட படங்களோடு பல வருஷம் வாழ்ந்தவர் வரைந்த பையன் அவன். 1969-ல் நிலவைச் சுற்றி வந்த அப்போலோ 10 பயணத்தில் இரண்டு விண்கலங்களுக்கு 'சார்லி பிரவுன்', 'ஸ்னூப்பி' என்றே பெயர் வைத்தார்கள்.

புகழ் எவ்வளவு வந்தாலும் வரையும் வேலையை மட்டும் ஷூல்ஸ் யாரிடமும் கொடுக்கவில்லை. பல கார்ட்டூனிஸ்ட்டுகள் உதவியாளர் வைத்திருந்த தொழிலில், கோடு முதல் எழுத்து வரை எல்லாம் அவர் கைதான். கிட்டத்தட்ட 50 வருஷம், 17,897 படக்கதைகள். நடுவில் எடுத்த ஒரே நீண்ட லீவு, 1997-ல் 75-வது பிறந்தநாளையொட்டி 5 வாரம்.

1999 இறுதியில் புற்றுநோய் காரணமாக ஓய்வை அறிவித்தார். 2000 பிப்ரவரி 12-ம் தேதி இரவு இறந்தார். மறுநாள் காலைப் பத்திரிகைகளில் அவருடைய கடைசி ஞாயிறு படக்கதை வெளியானது.

தனக்குப் பிறகு வேறு யாரும் பத்திரிகைக்கு 'பீனட்ஸ்' வரையக் கூடாது என்பது அவர் விருப்பம். அது இன்றும் காப்பாற்றப்படுகிறது. இப்போது பத்திரிகைகளில் வருவதெல்லாம் அவர் வரைந்த பழைய படக்கதைகளின் மறுபதிப்புதான்.